குள்ளநரிக்கு விட்டுக்கொடுத்த பெரியவன்

கடுக்காய்மலைக் காட்டில் மருதாயி என்று ஒரு கரடி இருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவன் சடையன், நாலு மழை பார்த்தவன். இளையவள் பொம்மி, ஒரே ஒரு மழை பார்த்தவள், அதையும் பாதி தூங்கியே கழித்தவள்.

பொம்மி பிறப்பதற்கு முந்தின நாள் வரை சடையனுக்குச் 'செல்லக்குட்டி' என்று பெயர். மறுநாள் விடிந்ததும் அவன் பெயர் 'பெரியவன்' ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவன் ஒரு விரல்கடை கூட வளர்ந்திருக்கவில்லை.

"நீ பெரியவன்தானே? பாப்பாவுக்கு விட்டுக்கொடு."

மருதாயி கண் விழித்தால் இதைச் சொல்வாள், கண் மூடும்போதும் இதைச் சொல்லித்தான் மூடுவாள். நடுவில் எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ணுகிற அளவுக்குப் பொறுமை அந்தக் காட்டில் யாருக்கும் இல்லை.

ஒரு தேனடையைச் சரிபாதியாகப் பிய்த்து ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். பொம்மிக்கு அண்ணன் கையில் இருக்கிறதுதான் வேண்டும். விட்டுக்கொடு! மாற்றிக் கொடுத்தால், தான் முதலில் வைத்திருந்த துண்டு இப்போது அண்ணன் கையில் இருக்கிறதே, அதுவும் வேண்டும். அதையும் விட்டுக்கொடு!

கரடிகள் குட்டிகளை முதுகில் சுமந்துதான் போகும். அந்த முதுகில் கழுத்துப் பக்கம் நல்ல இடம். பிடித்துக்கொள்ளப் பிடரி மயிர் உண்டு, வழியெல்லாம் வேடிக்கையும் பார்க்கலாம். வால் பக்கம் உட்கார்ந்தால் ஈதான் மொய்க்கும். யார் கழுத்துப் பக்கம், யார் வால் பக்கம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

சரி, பெரியவன் என்றால் அதற்கு ஏதாவது சலுகை உண்டா என்று பார்த்தால் அதுவும் இல்லை.

"அம்மா, நான் அந்த மரத்து உச்சிக்கு ஏறட்டுமா?"

"விழுந்து வைப்பே. நீ சின்னப் பையன்."

"அம்மா, கறையான் புத்தை இன்னிக்கு நான் உடைக்கட்டுமா?"

"சின்னப் பிள்ளை மாதிரியா பேசறே? தள்ளிப் போ."

கொடுக்கும்போது பெரியவன், கேட்கும்போது சின்னவன். சடையனுக்கு இந்தக் கணக்கு புரியவே இல்லை. எனக்கும்தான் புரியவில்லை. மருதாயிக்குப் புரிந்ததா என்றால், பாவம், அவளுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் ஏது? புதர் மறைவுக்குத் தனியாக ஒதுங்கப் போனால் கூட, "அம்மா, என்ன பண்றே?" என்று இரண்டும் பின்னாலேயே வந்து நிற்கும். அரைநாள் தட்டித் தட்டிப் பொம்மியைத் தூங்க வைத்துவிட்டு மெல்லக் கையை எடுப்பாள். அந்த நேரம் பார்த்து, "அம்மா, பாப்பா தூங்கிட்டாளா?" என்று சடையன் காடே கேட்கும்படி கத்துவான். அவ்வளவுதான், பொம்மி எழுந்து உட்கார்ந்து சிரிப்பாள்.

பக்கத்து மரத்து மந்தி கோமளா ஒரே பிள்ளை பெற்றவள். அதனாலேயே இரண்டு பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "பெரியவன் பெரியவன்னு சொல்லிக்கிட்டே இரு மருதாயி. பொறுப்பு தானா வந்துடும்" என்று மரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பாள்.

இதையெல்லாம் கீழே புதருக்குள்ளிருந்து ஒரு குள்ளநரி கேட்டுக்கொண்டிருந்தது. பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி ஒரு சொல் விடாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டது.

ஒருநாள் மருதாயி தேன்பாறைக்குப் புறப்பட்டாள். இரண்டு பிள்ளைகளை முதுகில் வைத்துக்கொண்டு அந்தச் செங்குத்துப் பாறையில் ஏற முடியாது. குகை வாசலில் ஒரு பெரிய தேனடையை வைத்தாள்.

"பெரியவனே, பாப்பாவைப் பார்த்துக்கோ. பசிச்சா ரெண்டு பேரும் தின்னுங்க. சண்டை போடாதே, விட்டுக்கொடு" என்றாள். நாலு மழைக் குட்டியிடம் ஒரு மழைக் குட்டியை ஒப்படைத்துவிட்டுத் தைரியமாகப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் குள்ளநரி வந்தது.

"தம்பி, அந்தத் தேனடையை எனக்கு விட்டுக்கொடு."

"உனக்கு எதுக்கு?"

"நீ பெரியவன்தானே?"

சடையன் திகைத்தான். இந்தக் கேள்விக்கு அவனுக்கு இதுவரை பதில் கிடைத்ததே இல்லை. இருந்தாலும் கேட்டான்: "நீ பாப்பா இல்லையே?"

"என் பேர் என்ன?"

"குள்ளநரி."

"குள்ளம்னா என்ன?"

"சின்னது."

"பார்த்தியா! பேரிலேயே நான் சின்னவன். உனக்குப் பேரே பெரியவன். யார் யாருக்கு விட்டுக்கொடுக்கணும்? நீயே சொல்லு."

சடையன் எழுந்து நின்று அளந்து பார்த்தான். நரி அவன் தோள் உயரம்தான் இருந்தது. அம்மா சொன்ன சட்டத்தில் ஒரு ஓட்டை கூட இல்லை. தேனடையைக் கொடுத்துவிட்டான்.

மாலையில் மருதாயி வந்து பார்த்தாள். தேனடை இருந்த இடம் சுத்தமாக இருந்தது. "எங்கடா தேனடை?"

"விட்டுக்கொடுத்தேன்" என்றான் சடையன்.

"என் சமத்து!" என்று அவன் தலையை நக்கிக் கொடுத்தாள். யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் பொம்மி முடிக்க விடவில்லை. அவளுக்கு மொத்தம் அஞ்சாறு வார்த்தைதான் தெரியும். அதில் ஒன்றைத் தொண்டை கிழியக் கத்தினாள்: "நயி! நயி!"

"என்ன சொல்றா உன் மக?" என்றாள் மந்தி கோமளா.

"நாய் வேணுமாம். போன வாரம் அடிவாரத்துல ஒண்ணைப் பார்த்தா, அதிலிருந்து இதே பாட்டு. என் பிள்ளை பேச்சு எனக்குப் புரியாதா?" என்று பெருமையாகச் சிரித்தாள் மருதாயி.

மறுநாள் விளாம்பழம் நான்கு வைத்துவிட்டுப் போனாள். நரி வந்தது. "பெரியவனே" என்றது. நான்கும் போயின. மாலையில் மறுபடியும் சமத்துப் பட்டம், மறுபடியும் "நயி! நயி!", மறுபடியும் "நாய்தானே, பார்க்கலாம்டி". அன்று இரண்டு குட்டிகளும் அரை வயிற்றோடுதான் படுத்தன.

மூன்றாம் நாள் நரி வரும்போதே நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வைத்திருந்த இலுப்பைப் பூவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொம்மியைப் பார்த்தது. கொழுகொழு என்று இருந்தாள் அவள்.

"பெரியவனே, இன்னிக்குப் பாப்பாவை விட்டுக்கொடு."

சடையன் நரியைப் பார்த்தான், பொம்மியைப் பார்த்தான். அவள் அப்போது அவன் காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்த நாளிலிருந்து அவன் அம்மாவிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இவளை எப்பம்மா திருப்பிக் கொடுக்கப் போறோம்?" யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று அவன் ஏங்கிய ஏக்கம் அவனுக்குத்தான் தெரியும். இதோ, ஒருத்தர் தேடி வந்து கேட்கிறார்.

"நிஜமாவா? எடுத்துக்கோ" என்றான். நல்ல பிள்ளை என்பதால் எல்லாம் விவரமாகவும் சொன்னான். "நடக்க மாட்டா, தூக்கணும். கழுத்துப் பக்கம்தான் உட்காருவா. எதையாவது பிடிச்சா விடமாட்டா. கத்தினா நீ விட்டுக்கொடுத்துடு."

"குழந்தைதானே, எனக்குத் தெரியாதா?" என்றது நரி. எல்லாரும் முதலில் இப்படித்தான் சொல்கிறார்கள்.

ஓடையைத் தாண்டி அக்கரையில் இருந்தது நரியின் வளை. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், சாவகாசமாகத் தின்னலாம் என்பது அதன் திட்டம். இக்கரையில் சத்தம் வந்தால் தாய்க்கரடி காதில் விழுந்துவிடும். அந்தப் பயத்தோடு, "வா கண்ணு" என்று முன்னே நடந்தது.

"தூக்கு!" என்றாள் பொம்மி.

தூக்கிக்கொண்டது. பத்தடி போவதற்குள் நரிக்கு முழங்கால் மடங்கிவிட்டது. பொம்மி அதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "என்னுது!" என்றாள்.

"அது என் காது."

"என்னுது!"

காதை மீட்டால் வாலைப் பிடித்தாள். அதுவும் அவளுதாம். ஓடைக்கரை வந்ததும் தண்ணீரைப் பார்த்துக் குதித்து இறங்கினாள், கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து நரியின் மேல் போட்டாள். "போதும், வா" என்று நரி கழுத்தைப் பிடித்து இழுத்த உடனே மல்லாந்து விழுந்து, நாலு காலையும் உதைத்துக்கொண்டு கத்தினாள் பாருங்கள், மரத்திலிருந்த பறவையெல்லாம் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போயின.

நரிக்கு வேர்த்துவிட்டது. "சத்தம் போடாதே தாயி! உனக்குப் புண்ணியமா போகும்!" என்று கெஞ்சியது. மணலில் புதைத்து வைத்திருந்த முதல் நாள் தேனடையைத் தோண்டி எடுத்து நீட்டியது. பொம்மி கத்தலை நிறுத்தினாள். வாங்கினாள். தேனடை கையோடு இரண்டாக ஒடிந்தது.

பொம்மி ஒடிந்த துண்டுகளைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"ஒட்டு!" என்றாள்.

"ஒடிஞ்சதை எப்படிம்மா ஒட்டறது? இதுவும் தேன்தான், அதுவும் தேன்தான்."

"ஒட்டு!"

காட்டிலேயே தந்திரக்காரன் என்று பேர் வாங்கிய குள்ளநரி, இரண்டு துண்டையும் எச்சிலால் ஒட்டப் பார்த்தது. ஒட்டவில்லை. பொம்மி மறுபடியும் வாயைத் திறந்தாள்.

இங்கே குகை வாசலில் சடையன் முதல் தடவையாகத் தனியாக உட்கார்ந்திருந்தான். இலுப்பைப் பூவை எடுத்தான். யாரும் பிடுங்கவில்லை. பொறுமையாகத் தின்றான். கொஞ்ச நேரத்தில் அதன் ருசி என்னவோ குறைந்துபோய்விட்டது. யாரும் பிடுங்காத பூவைத் தின்று அவனுக்குப் பழக்கமில்லை.

அப்போது மருதாயி வந்தாள். "பாப்பா எங்கடா?"

"விட்டுக்கொடுத்துட்டேன்."

"யாருக்கு?" மூன்றாம் நாளான இன்றைக்குத்தான் கேட்டாள்.

"குள்ளநரிக்கு. அதுதான் சின்னவன். தேனடையும் விளாம்பழமும் அதுக்குத்தானே கொடுத்தேன்? நீ கூடச் சமத்துன்னு சொன்னியே."

'நயி, நயி' என்று இரண்டு நாளாகக் கத்தியது நாய் இல்லை, நரி என்று அந்த நொடியில்தான் மருதாயிக்கு உறைத்தது. கையை ஓங்கினாள். "நீ பெரியவன், உனக்கு இது கூடவா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். எதிரே நின்றது அவள் இடுப்பு உயரம் கூட இல்லாத ஒரு குட்டி. ஓங்கின கையைப் பார்த்து அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான்.

"அது அவளைத் தின்னுடும்டா" என்றாள்.

சடையன் கண்ணைத் திறந்தான். "தின்னுமா? வளர்க்கும்னு நினைச்சேன்மா." அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். தின்னச் சொல்லலை. ஓடைப் பக்கம் போச்சு, வா, வா!"

இரண்டு பேரும் ஓடினார்கள். வழி தேடத் தேவையே இல்லை. பொம்மியின் கத்தல் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

பாதி வழியில் குள்ளநரியே எதிரே வந்தது. காது தொங்கியிருந்தது, உடம்பெல்லாம் தேனும் மணலும் அப்பியிருந்தது. கழுத்தில் பொம்மி உட்கார்ந்திருந்தாள்.

"இந்தாங்கம்மா, உங்க பிள்ளை! தின்ன வேணாம், ஒண்ணும் வேணாம். இவ வாயை மூடினாப் போதும்" என்று இறக்கிவிட்டது. மருதாயியின் நகம் நீள்வதைப் பார்த்ததும் அதற்கு மனப்பாடம் ஞாபகம் வந்தது. "நீங்க பெரியவங்க, நான் சின்னவன். விட்டுக்கொடுங்கம்மா!"

"இனிமே அந்த வார்த்தையை எவன் சொன்னாலும் கிழிச்சுப்புடுவேன்" என்று மருதாயி ஒரு அறை விட்டாள். நரி அந்த வேகத்திலேயே ஓடைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்து, ஓட்டமாய் ஓடியது. அதன் வால் நுனி மயிர் ஒரு கொத்து பொம்மியின் கையில் இருந்தது. "என்னுது" என்றாள்.

பிறகு பொம்மி சடையனைப் பார்த்தாள். தத்தித் தத்தி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, "என்னுது!" என்றாள். சடையன் அவள் தலையை முகர்ந்து பார்த்தான். தேன் வாசனை அடித்தது. அப்புறம் அவள் அவன் காலை ஒரு கடி கடித்தாள், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வீட்டுக்குப் போக மருதாயி குனிந்தாள். இரண்டும் கழுத்துப் பக்கம்தான் பாய்ந்தன. "நீ பெரி..." என்று தொண்டை வரை வந்ததை மருதாயி விழுங்கினாள். அது சுலபமாக இறங்கவில்லை.

"இன்னிக்குக் கழுத்துப் பக்கம் சடையன். நாளைக்குப் பொம்மி" என்றாள்.

பொம்மி வால் பக்கம் உட்கார்ந்து குகை வரும்வரை கத்தினாள். மருதாயி கத்த விட்டாள். மரத்திலிருந்து மந்தி கோமளா எட்டிப் பார்த்து, "ஏன்டா, நீ பெரியவன்தானே..." என்று ஆரம்பித்தாள். கீழே மருதாயி நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவளுக்கு அவசரமாக வேறு மரத்தில் வேலை வந்துவிட்டது.

தன் வசதிக்காகச் சின்னப் பிள்ளையைப் பெரியவன் என்று சொல்லி வாயடைக்கிற தாய்தகப்பன், அந்தப் பிள்ளையிடம் எதைச் சொல்லிக் கேட்டால் எதுவும் கிடைக்கும் என்பதைக் காட்டிலுள்ள நரிகளுக்கெல்லாம் தாங்களே சொல்லிக்கொடுக்கிறார்கள்.