ஒரு வீடு போதும்

மனநல மருத்துவர் மரகதவல்லி செவ்வாய்க்கிழமைதோறும் அந்த ஊரின் பழைய நூலகக் கட்டடத்தில் நோயாளிகளைப் பார்ப்பார். அவருக்கு உதவியாக இருந்தவர் கோதண்டபாணி, ஓய்வுபெற்ற தாசில்தார். வயதில் மருத்துவரைவிட மூத்தவர். ஆனாலும், மனம் கலங்கி வருபவரிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமலிருப்பது என்பதை மரகதவல்லியிடம் மாணவனாக அமர்ந்து கற்றுக்கொண்டிருந்தார்.

காரணம் வீட்டில் இருந்தது. அவருடைய மகன் சேந்தன், பிறருக்குக் கேட்காத குரல்களோடு பல ஆண்டுகள் சண்டையிட்டுக் களைத்தவன். இங்கே வரத் தொடங்கிய பிறகுதான் இரவில் தூங்குகிறான். தானே சவரம் செய்துகொள்கிறான். இப்போது இந்த மருத்துவ முகாமுக்கான அரசு நிதி நின்றுவிட்டது. அடுத்த மாதம் முதல் மருந்துக்கு மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். சேந்தன் பேருந்தில் ஏறமாட்டான்.

ஆகவே புதிதாக வென்ற எம்.எல்.ஏ.வைப் பார்க்க இருவரும் வந்திருந்தார்கள். முன்பு நிதி தடைபட்டபோது, போன எம்.எல்.ஏ.வையும் பார்த்தவர்கள்தான். அதற்கு முந்தையவரையும்.

அலுவலக வாசலில் எல்லோர் கையிலும் சால்வை.

"நீங்க கொண்டுவரலையா?" என்றார் உதவியாளர்.

"மனு இருக்குங்க" என்றார் கோதண்டபாணி.

"மனு எல்லார்கிட்டயும் இருக்கு சார். சால்வைக்காரங்க முன்னாடி போகட்டும். ஒரு போட்டோவோட கிளம்பிடுவாங்க. உங்களுக்குத்தான் நேரமாகும்."

நேரமாயிற்று. மதியச் சாப்பாடு அவர்களைக் கடந்து உள்ளே போய், வெற்றுப் பாத்திரமாகத் திரும்பி வந்தது.

"இன்னும் எத்தனை பேரை இப்படிப் பார்க்கணும்மா?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"எழுந்திருங்க சார். கூப்பிடறாங்க."

எம்.எல்.ஏ.வின் குரல் பிரசாரத்தில் போயிருந்தது, இன்னும் திரும்பவில்லை. நாற்காலிகளில் கிடந்த சால்வைகளைத் தாமே அள்ளி ஓரமாகப் போட்டு, இருவரையும் உட்காரச் சொன்னார். மனுவை முழுவதும் படித்தார்.

"என் தொகுதியில இத்தனை குடும்பமா?"

"வெளியே தெரிஞ்சது மட்டும்தாங்க அது" என்றார் கோதண்டபாணி.

"சார், வீடு வீடா ஏறி இறங்கினவன் நான். தண்ணி வரலைன்னாங்க. பட்டா இல்லைன்னாங்க. மாப்பிள்ளை குடிக்கிறான், நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லுங்கன்னுகூடக் கேட்டாங்க. இதை ஒருத்தரும் சொல்லலையே. உங்க வீட்டுக்கும் வந்தேன். உட்கார வச்சு மோர் கொடுத்தீங்க."

கோதண்டபாணிக்கு நினைவிருந்தது. வாசலில் மேளச் சத்தம் கேட்டதும், முதலில் உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழிட்டார். பிறகுதான் தெருக்கதவைத் திறந்தார். உள்ளே சேந்தன் சத்தமில்லாமல் இருந்தான். அவனுக்கும் அது பழக்கம்.

"மானியக் கோரிக்கை வரும்போது சட்டசபையில நான் எழுந்து கேட்கறேன்" என்றார் எம்.எல்.ஏ. "வெறும் எண்ணிக்கையைச் சொன்னா யாரும் திரும்பிப் பார்க்கமாட்டாங்க. நான் போய் உட்கார்ந்துட்டு வந்த ஒரு வீட்டைச் சொல்லணும். ஒரு வீடு போதும். யார் வீட்டுக்குப் போகட்டும், சொல்லுங்க சார்."

மரகதவல்லி கோதண்டபாணியின் பக்கம் திரும்பினார்.

கோதண்டபாணி கோப்பைப் பிரித்தார். பணிக்காலம் முழுவதும் மனுக்களை வாங்கிய விரல்கள் உரிய பக்கத்தைத் தாமாகவே கண்டுபிடித்தன.

"எண்ணிக்கை விவரமெல்லாம் பின்னிணைப்புல இருக்குங்க."

எம்.எல்.ஏ. மனுவை மடித்து வைத்தார். "சரிங்க சார். பார்க்கறேன்" என்றார். சால்வையோடு அடுத்தவர்கள் உள்ளே வந்தார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. கோதண்டபாணி வெகுநேரம் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டார்.

"நோயாளிங்க அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடறவங்க நீங்க. அவர் இறங்கி வந்து கேட்டும் வாயே திறக்கலையேம்மா. ஒரு வீட்டையாவது சொல்லியிருக்கலாமே."

"அவங்க என்னை நம்பி உள்ளே விட்டவங்க சார். அந்த வீடுகளைக் காட்டிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை."

"அப்போ வேற யார்தான் சொல்றது?"

மரகதவல்லி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் உங்களைத்தானே சார் கேட்டார்?"