மணிக்கூண்டில் இடக்கை

கடைசிக் கேள்வியில் போட்டி கெட்டது. ஒரு விடை வரவேண்டிய இடத்தில் மூன்று விடை வந்து நின்றது.

ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். கருஞ்சிறகன் காமிக்ஸ் வாசகர்கள் வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்கள். வினாடி வினா நடத்துபவர் ஏகாம்பரம், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். இந்த வருடப் பரிசு அவருடைய பெட்டியிலிருந்தே வந்தது: கருஞ்சிறகன் முதல் இதழ். இன்னொரு பிரதியை அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. கொடுத்தால் திரும்பி வராது. தகுதியில்லாத கைக்குப் போய்விடக் கூடாதே என்று மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கேள்வி எழுதியிருந்தார்.

நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிட்டார். "வாயில சொன்னாப் பத்தாது. பக்கத்தைத் திறந்து காட்டணும். அந்தப் பக்கத்துல இருக்கறது எல்லாம் ஒத்துப்போகணும். ஒண்ணு இடிச்சாலும் பரிசு கிடையாது."

கருஞ்சிறகன் வெளிநாட்டுச் சரக்கு. படங்களின் ஃபிலிமை அங்கிருந்து வாங்குவார்கள். பேச்சு வரும் பலூன்களை வெள்ளையாக்கி, தமிழ் எழுத்தை மேலே ஒட்டி அச்சடிப்பார்கள். கதாநாயகனுக்கு வலக்கண்ணுக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு. ஆயுதம் ஓர் இரும்பு வளையம். எப்போதும் வலக்கையால்தான் எறிவான்.

கடைசிக் கேள்வி இதுதான்: "கருஞ்சிறகன் ஒரே ஒரு தடவை இடக்கையால வளையம் எறிஞ்சான். எந்தக் கதை? ஏன்?"

கதை 'மணிக்கூண்டு மர்மம்', நாற்பத்தேழாவது இதழ். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. 'ஏன்' என்பதில்தான் வம்பு.

கல்லூரி ஆசிரியர் செல்வின் முதலில் எழுந்தார். "முந்தின இதழ்ல வலது தோள்பட்டைக்குக் கீழ குண்டு பட்டுருச்சு சார். அந்தக் கையைத் தூக்க முடியல. அதனால இடக்கை. நீங்களே முப்பது வருஷம் முன்னாடி கட்டுரை எழுதியிருக்கீங்க."

ஏகாம்பரத்தின் சட்டைப்பையில் இருந்த அட்டையிலும் அதுதான் விடை. தலையாட்டப் போனார்.

"கொஞ்சம் இருங்கண்ணா," என்றார் தையற்கடை ரஹ்மத்துல்லா. "எறியறது கருஞ்சிறகனே இல்லைங்க. அவன் வேஷத்துல வந்த எதிரி. தழும்பைப் பாருங்க. இடது கண்ணுக்குக் கீழ இருக்குது. அவசரத்துல வேஷம் போட்டவன் பக்கம் மாத்திட்டான்."

"எதிரி எதுக்குங்க குழந்தையைக் காப்பாத்தணும்?" என்று செல்வின் கேட்டார். "வளையம் போய்க் குழந்தையைக் கட்டியிருந்த கயித்தை அறுக்குது, அது பொழைக்குது. வேஷம் போட்டவனுக்கு அவ்வளவு பாசமா?"

"காலேஜ்ல இப்படித்தான் பசங்க வாயை அடைப்பீங்களா?"

கூடம் சிரித்தது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். மாலை வரவேற்புக்கு வந்த ஆட்கள் நாற்காலிகளை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவதாக எழுந்தவர் தமயந்தி. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். மூன்று வருடமாக வருகிறார், அதிகம் பேசமாட்டார். "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கண்ணா," என்றார். "அவன் இடக்கையால எறியவே இல்லை."

"படத்துல தெரியுதே அம்மணி."

"தெரியுதுங்க. ஆனா நடக்கல."

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. முப்பது வருடமாக ஊர் ஊராகச் சொன்ன விஷயம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்பத்தேழாவது இதழை விரித்தார். வளையம் இடக்கையில்தான் இருந்தது. தழும்பு இடப்பக்கம். அதோடு, இத்தனை வருடத்தில் அவர் கண்ணில் படாத ஒன்று: குண்டுக் காயத்துக்குப் போட்ட கட்டும் இடக்கையில்தான் இருந்தது. எறிகிற கையிலேயே கட்டு.

பின்னால் மணிக்கூண்டு. கடிகாரத்தில் எண் இல்லை, வெறும் கோடுகள். பெரிய முள் ஒன்பதில். சின்ன முள் ஒன்பதைத் தொடுவதற்குச் சற்று முன்னால். மேலே கட்டத்துக்குள் அச்சிட்டிருந்தது: 'பிற்பகல், மணி மூன்றேகால்.' அந்த மணிக்கூண்டு ஓடாத கடிகாரம் என்று வாசகர்கள் வெகுகாலமாகக் கேலி பேசி வந்ததுதான்.

அவர் எழுந்து கூடத்தின் கோடிக்குப் போனார். கை கழுவும் தொட்டிக்கு மேலே நீளமாக ஒரு கண்ணாடி. அதன் எதிரே நின்று இதழை விரித்துப் பிடித்தார். வெகுநேரம் திரும்பவில்லை. "கடையைக் கட்டுங்க பெரியவரே," என்று ஒருவன் நாற்காலியோடு இடித்துவிட்டுப் போனான். அதற்கும் அவர் திரும்பவில்லை.

அட்டையில் எழுதிய விடை ஒருவரிடம். தழும்பைக் கண்டுபிடித்த கண் ஒருவரிடம். கேள்வியே தப்பு என்ற வாய் ஒருவரிடம். படித்தவர்களே, முதல் இதழ் யார் கைக்குப் போக வேண்டும்? சொல்லிவிட்டுக் கீழே போங்கள்.

விடை: செல்வின் சொன்னபடி என்றால் கட்டு வலக்கையில் இருக்க வேண்டும். இல்லை. ரஹ்மத்துல்லா சொன்னபடி என்றால் கடிகாரமும் வேஷம் போட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் ஃபிலிமை அச்சகத்தில் யாரோ புரட்டி வைத்துவிட்டார்கள். தமிழ் எழுத்துத் தனியாக ஒட்டியது, அதனால் அது மட்டும் நேராக நின்றது, யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடியில் முள் மூன்றேகாலுக்கு வந்தது, தழும்பு வலப்பக்கம் வந்தது, கட்டும் வளையமும் வலக்கைக்கு வந்தன. கருஞ்சிறகன் கையை மாற்றவில்லை. குண்டு பட்ட அதே கையால்தான் எறிந்து குழந்தையைக் காப்பாற்றினான். "தினமும் ஃபிலிம்ல இடது வலது அடையாளம் வச்சுப் பழக்கமுங்க," என்றார் அந்த அம்மாள். "மாத்தி வச்சா நல்ல காலை அறுத்துருவாங்க." ஏகாம்பரம் அட்டையைக் கிழித்துப் போட்டார். முதல் இதழை எடுத்து நீட்டினார். வலிக்குப் பயந்து கையை மாற்றினான் என்று கருஞ்சிறகனைக் கோழை ஆக்கி முப்பது வருடம் ஊருக்குச் சொன்னது ஏகாம்பரம். அவன் கையை அவனுக்கே திருப்பிக் கொடுத்தது தமயந்தி.