வேப்பங்கோட்டை கேலரிக்கு யார் பெயர்?

தீப்பெட்டிக்கும் ஹாக்கிக்கும் பெயர் போன வேப்பங்கோட்டையில் நடந்தது இது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஊர் மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பார்க்க வருகிறவர்களின் சைக்கிள்கள்தாம் வேலி. நான்கு பக்கமும் வரிசையாக நிறுத்தி, வடக்கயிற்றால் கோத்துக் கட்டிவிடுவார்கள். கடைசி விசில் ஊதினால்தான் கயிறு அவிழும். அந்த வேலிக்குள் மண் தரையில் ஓடிப் பழகியவர்கள்தாம் வெளியூர் போய் ரயில்வே அணியையும் போலீஸ் அணியையும் திணற அடித்தார்கள். எந்த ஊர்ப் போட்டியிலும் வேப்பங்கோட்டை என்று அறிவித்தால் எதிரணிக்காரன் மட்டையை ஒரு தரம் இறுக்கிப் பிடிப்பான்.

போன வருஷம் அங்கே முதன்முதலாகச் சிமெண்ட் கேலரி எழும்பியது. கட்டிக்கொடுத்த தீப்பெட்டி ஆலைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எவர் ஒருவர் ஆடிய காலத்தில் அவரைப் பார்ப்பதற்காகவே ஊர் இந்த மைதானத்துக்கு வந்ததோ, அவர் பெயரைத்தான் கேலரிக்கு வைக்க வேண்டும். கோப்பை, பதக்கம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

முடிவு சொல்லும் பொறுப்பைச் சண்முகக்கனியிடம் கொடுத்தார்கள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். அந்த மைதானத்தில் விசில் பிடித்த முதல் பெண். முப்பது வருஷத்தில் அவர் விசிலைத் தப்பென்று சொன்னவர் இல்லை. ஆனால் ஊர் பேசிய மூன்று பெயர்களில் ஒன்று அவருடைய தம்பி அய்யாக்குட்டியின் பெயர். தம்பி ஆடும் நாளில் அவர் விசிலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே நிற்பதுதான் வழக்கம். இப்போதும் விலகிக்கொள்கிறேன் என்றார். ஊர் விடவில்லை.

கூட்டத்தன்று காலை தம்பி வந்தார். வயது அறுபத்தாறு. மாவட்ட அணிக்கு மேல் போகாதவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாசற்படி ஏறி மூச்சு வாங்கிய பிறகு சொன்னார்:

"எனக்கு அந்தப் பேரு வேணும்க்கா. ஆசை இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அக்கா தம்பிக்குக் குடுத்துட்டான்னு ஒருத்தன் சொன்னாக்கூட எனக்கு அது வேண்டாம்."

சண்முகக்கனி காப்பி கொடுத்து அனுப்பினார்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் சோடாக்கடை பரமசிவம். அவர் பேசியது அறுபதுகளின் சென்டர் ஃபார்வர்டு தேவசகாயத்துக்காக. ஓர் அரையிறுதியில் பத்தாவது நிமிஷமே பந்து முழங்காலில் பட்டு அவரைத் தூக்கி வெளியே உட்கார வைத்தார்களாம். அப்படியும் கடைசி விசில்வரை ஒரு ஆள் வீட்டுக்குப் போகவில்லை. உட்கார்ந்திருந்த மனிதனைப் பார்த்துக்கொண்டே ஊர் நின்றது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார்.

அடுத்து காதர் எழுந்தார். எழுபதுகளில் இந்தியாவுக்கே கோல் காத்த ஜபருல்லா அவருக்குத் தாய்மாமா. மாமா ஊர் திரும்பிய அன்று ஆலைகள் எல்லாம் அரை நாள் லீவு விட்டன. ஸ்டேஷனில் நாலாயிரம் பேர். மாலை போட்டு முடியும்வரை ரயிலே காத்து நின்றது. கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

எண்பதுகளில் ஆடிய அய்யாக்குட்டிக்காக யாரும் எழவில்லை. அக்கா நாற்காலியில் இருக்கும்போது தம்பியைப் புகழ அவருடைய ரசிகர்களுக்கே கூச்சம். அந்த இடைவெளியில் பரமசிவம் மறுபடி எழுந்தார்.

"அய்யாக்குட்டி நல்ல லெஃப்ட் விங்தான் டீச்சர், நான் இல்லைங்கல. இடது கோட்டை ஒட்டிப் பிடிச்சான்னா குதிரைதான். ஆனா அவன் காலத்துல வந்தது கூட்டமா? சந்தை. நின்ன எடத்துல நிக்காது. இடைவேளைல இவனுவ குறுக்கும் நெடுக்கும் ஓடுறதுக்குன்னே அஞ்சு நிமிஷம் கூடக் குடுத்தாங்க. ஃபைனல் அன்னைக்கு மேற்கால நிறுத்துன சைக்கிளக் கிழக்கால தேடிட்டு, களவு போச்சுன்னு போலீசுக்கே போயிட்டேன் நானு."

கூட்டம் சிரித்தது. அய்யாக்குட்டி தலை குனிந்துகொண்டார். வெளியே பெயிண்டர் ஏணியோடு காத்திருந்தார்.

இப்போது சொல்லுங்கள். மூவரில் யார் பெயர் அந்தக் கேலரிக்கு உரியது? ஊர் அதை ஒப்புக்கொள்ள வேண்டுமானால், யார் வாயிலிருந்து அது வர வேண்டும்?

விடை: தேவசகாயம் வெளியேறிய பிறகும் கூட்டம் நின்றது உண்மை. ஆனால் சைக்கிள் கயிற்றில் கட்டிக் கிடக்க, யார்தான் வீட்டுக்குப் போக முடியும் என்றார் சண்முகக்கனி. ஜபருல்லாவால் ஊருக்கே பெருமை. ஆனால் அந்த நாலாயிரம் பேர் வந்தது ஸ்டேஷனுக்கு, அதுவும் லீவு நாளில். தம்பியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரமசிவத்தைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டார்: "அண்ணாச்சி, சைக்கிள மேற்கால விட்டுட்டு ரெண்டாவது பாதியில நீங்க எதுக்குக் கிழக்கால போனீங்க?" இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும், இடது விங்கில் ஆடுகிறவர் எதிர்ப்பக்கக் கோட்டுக்குப் போய்விடுவார். பரமசிவம் எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, பிறகு சிரித்துவிட்டார். "வேற எதுக்கு டீச்சர்? அய்யாக்குட்டி அந்தப் பக்கம் போயிட்டாம்லா. பின்னாலயே நாங்க அத்தன பேரும் போனோம்." கூடியிருந்தவர்களில் நரைத்த தலைகள் எல்லாம் ஆமாம் என்று அசைந்தன. காதரும் கைதட்டினார். அக்கா தீர்ப்பு எழுதவே வேண்டியிருக்கவில்லை. அய்யாக்குட்டி மெல்ல எழுந்து வெளியே போய், பெயிண்டரிடம் சொன்னார்: "எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும் தம்பி. பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும்."