ஓடைமேட்டார் பொறுப்பாகப் பீர் குடித்த கதை

பாகூருக்குத் தெற்கே ஓடைமேடு என்று ஓர் ஊர் உண்டு. வரைபடத்தில் தேட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களே இரண்டு மூன்று தடவை தேடித்தான் வீடு போய்ச் சேருவார்கள். அங்கே நான்கு பேர் சேர்ந்து பந்தல் போடும் தொழில் செய்துவந்தார்கள். மூத்தவர் கலியபெருமாள். அவருக்குக் கீழே மண்ணாங்கட்டி, அய்யனாரப்பன், பாவாடை. தாங்கள் கெட்டிக்காரர்கள் என்பது நால்வருக்கும் நன்றாகத் தெரியும். அதனால் ஊரார் யாரும் அதைத் தனியாக எடுத்துச் சொன்னதில்லை.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயால் சொன்ன வேலையைத் தொட மாட்டார்கள், காகிதத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. ஒரு தடவை கோயிலுக்கு மேற்கே மூன்றாவது வீட்டில் கல்யாணப் பந்தல் போடச் சொல்லி ஒருவர் வாயால் சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் கிழக்கே மூன்றாவது வீட்டு வாசலில் வாழைமரம், தோரணம் உட்பட அம்சமாகப் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் காலையில் எழுந்து பந்தலைப் பார்த்தார். அவிழ்க்க மனம் வரவில்லை. அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடி மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்.

அன்றோடு கலியபெருமாள் முடிவு செய்துவிட்டார், வாய் பொய் சொல்லும், காகிதம் சொல்லாது. நால்வரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே காகிதம் சொல்வதும் கடைசியில் அவர் வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதை மட்டும் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போது புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் பீர் திருவிழா என்று ஒன்று வந்தது. கொட்டகை போட்டவர்கள் இவர்கள்தான். கொட்டகை கோணாமல் நின்றதில் மகிழ்ந்துபோன மேனேஜர் ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார். அதைக் காட்டினால் ஒரு கிளாஸ் பீர். கைப்பிடி வைத்த அந்தக் கண்ணாடி கிளாஸையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கூடவே ஓர் அச்சடித்த நோட்டீஸும் கொடுத்தார். மேலே கொட்டை எழுத்தில் 'பொறுப்போடு மகிழ்வோம்' என்று போட்டிருந்தது.

கலியபெருமாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாண வீட்டுப் பன்னீர் சோடாவுக்கு மேல் எதையும் குடித்தறியாதவர். ஆயுசில் ஒரு தடவை பீர் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. ஆனால் வீட்டில் செந்தாமரை இருக்கிறாளே. டோக்கனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றார்.

செந்தாமரை டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டிவி நாடகத்தில் நுரை பொங்கப் பொங்கக் குடிக்கிறார்களே, அது என்ன ருசியாக இருக்கும் என்று அவளுக்கும் உள்ளூர ஒரு கேள்வி இருந்தது. போய்வரச் சம்மதித்தாள், இரண்டு நிபந்தனையோடு.

"விளக்கு வைக்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். வந்து அது இன்னா ருசின்னு எனக்குச் சொல்லணும். ஆனா ஒண்ணு. குடிச்சிட்டுத் தள்ளாடிக்கினு வந்தியோ, அந்த நிமிஷமே நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

கலியபெருமாளுக்கு வெந்நீர் போடவும் தெரியாது. பொங்கல் முடிந்ததிலிருந்து அவளும் அம்மாவைப் பார்த்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கல்யாண சீசன் முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும் என்று இவர்தான் தள்ளிப்போட்டு வந்தார். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே நோட்டீஸில் உள்ளதை ஒரு புள்ளி விடாமல் கடைப்பிடிப்பது என்று சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினார்.

காலையில் நால்வரும் பஸ் ஏறிப் புதுச்சேரி போய் இறங்கினார்கள். நோட்டீஸின் முதல் வரி, வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது என்றது. ஓட்டலில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து இட்லி சாப்பிட்டார்கள். மைதானத்துக்கு அரை மணி நேர நடை. வாசலுக்கு வந்ததும் அய்யனாரப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வயிறு உள்ளே இருக்கிறது, வெறுமையாகிவிட்டதா இல்லையா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? நடந்த நடையில் இட்லி கரைந்து போயிருந்தால்? நியாயமான பயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு ஆளுக்கு இரண்டு பொட்டலம் சுண்டல் வாங்கித் தின்றார்கள். அதற்கப்புறம் மண்ணாங்கட்டியால் குனிந்து செருப்பை மாட்ட முடியவில்லை.

இரண்டாவது வரி, உங்களில் குடிக்காத ஒருவரே வண்டி ஓட்ட வேண்டும் என்றது. யார் அந்தத் தியாகி? பந்தல் சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை ஊரில் மிதிப்பவன் பாவாடை. ஆகவே பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. பாவாடை நல்லவன், மறுக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டான்.

"அண்ணே, நாம பஸ்ஸுல இல்ல வந்தோம். வண்டியே இல்லையே."

கலியபெருமாள் மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தார். "வண்டி இருக்கணும்னு இதுல போடலடா. ஓட்டணும்னுதான் போட்டிருக்கு."

பாவாடைக்கு அது விளங்கியது. தன் கிளாஸில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஓட்டுவதற்கு ஏதாவது அகப்படுகிறதா பார்க்க வெளியே போனான். மற்ற மூவரும் கிளாஸ் நிறையப் பீர் வாங்கிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் நிறத்தில், மேலே ஒரு சாண் நுரையோடு, கிளாஸ் சில்லென்று வியர்த்திருந்தது. கலியபெருமாளுக்கு நாக்கில் நீர் ஊறியது. கையில் எடுத்துவிட்டார். உதடு வரை கொண்டுபோய்விட்டார். அப்போதுதான் மண்ணாங்கட்டி மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னான்.

அங்கே, உங்கள் கிளாஸிலிருந்து ஒரு நொடியும் கண்ணை எடுக்காதீர்கள் என்று இருந்தது. வேறு யாராவது எதையாவது கலந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் யாரோ எழுதியது. மூவரும் கிளாஸை முறைத்துப் பார்த்துக்கொண்டே குடிக்கத் தயாரானார்கள். அய்யனாரப்பன் முதலில் தூக்கினான். தூக்கியவன் குடிக்காமலே கீழே வைத்தான்.

"அண்ணே, கிளாஸைச் சாய்ச்சா தலையும் பின்னால சாயுது. கண்ணு கொட்டாய்த் துணிக்குப் போயிடுது."

கலியபெருமாளும் சாய்த்துப் பார்த்தார். உண்மைதான். தான் கட்டிய கொட்டகைத் துணியும், அதில் தான் போட்ட முடிச்சும் தெளிவாகத் தெரிந்தன, பீர் தெரியவில்லை. ஒருவர் குடிக்கும்போது இன்னொருவர் அவர் கிளாஸைப் பார்த்துக்கொள்ளலாமே என்றான் மண்ணாங்கட்டி. அப்படியானால் பார்க்கிறவரின் கிளாஸை யார் பார்ப்பது? மூன்றாமவர் பார்க்கலாம். மூன்றாமவரின் கிளாஸை? கேள்வி பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தப் பேச்சிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. நுரை அடங்கிவிட்டது.

கடைசியில் பீர் கிளாஸ் இல்லாத கண் பாவாடையிடம்தான் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து அவனைக் கூப்பிட்டு வந்தார்கள். அவன் வெளியே ஓர் ஐஸ் வண்டிக்காரரிடம், ஒரே ஒரு சுற்று ஓட்டித் தருகிறேன் என்று மன்றாடிக்கொண்டிருந்தான். வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கிளாஸாகப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டான். இனித் தடையில்லை என்று நினைக்கும்போது நான்காவது வரி குறுக்கே வந்தது. அவசரப்படாதீர்கள், மெதுவாகக் குடியுங்கள்.

எவ்வளவு மெதுவாக என்று நோட்டீஸில் இல்லை. மண்ணாங்கட்டி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்து, முதலில் குடிப்பவன்தானே மற்றவர்களைவிட அவசரக்காரன் என்றான். இது அவன் ஆயுசில் சொன்ன மிகப் பெரிய விஷயம். அதற்கப்புறம் யார் முதலில் வாய் வைப்பார்கள்? நீ குடி, நான் அப்புறம் குடிக்கிறேன் என்று கலியபெருமாள் சொன்னார். இல்லை, மூத்தவர் நீங்கள் என்றார்கள் அவர்கள். நிதானத்தில் ஒருவரை ஒருவர் மிஞ்சியபடி மூவரும் மாலை நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் திருவிழாவில் அவ்வளவு பொறுப்பாக மகிழ்ந்தவர்கள் வேறு யாருமில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விளக்கு வைப்பதற்குள் போகாவிட்டால் செந்தாமரை என்ன நினைப்பாள்? கலியபெருமாளுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஐம்பத்திரண்டு வருஷத்து ஆசை கையில் தளும்புகிறது, குடிக்க வழியில்லை. கண்ணை எடுக்காமல் கிளாஸைக் கையில் பிடித்தபடியே எல்லோரும் பஸ் ஏறினார்கள்.

பாவாடை நேரே டிரைவரிடம் போய், தான் காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, ஆகவே அவர் சீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டான். டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். தானும் குடிக்கவில்லை என்றார். பாவாடைக்கு இது எதிர்பாராத சிக்கல். கலியபெருமாளை எட்டிப் பார்த்தான். அவர் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, காகிதத்தில் ஒருவர் என்றுதான் இருக்கிறது, யார் என்று அவர்களே பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். டிரைவர் இரக்கப்பட்டு அவனை இன்ஜின் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார். வழி முழுக்கப் பாவாடை வெறுங்கையால் வளைவுக்கு வளைவு திருப்பிக்கொண்டே வந்தான்.

அவன் எவ்வளவு நன்றாகத் திருப்பியும் வேகத்தடைகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு தடைக்கும் பீர் எழும்பிச் சட்டையில் விழுந்தது. ஓடைமேட்டில் இறங்கும்போது அய்யனாரப்பன் கிளாஸும் மண்ணாங்கட்டி கிளாஸும் காலி. கலியபெருமாளிடம் பாதி இருந்தது. வாயில் ஒரு சொட்டுப் போகாமல் மூன்று பேரும் தலை முதல் கால் வரை மணத்தார்கள். கலியபெருமாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வாசனையோடு போய் நின்றால் செந்தாமரை நம்புவாளா?

செந்தாமரை வாசலில் நின்றிருந்தாள். விளக்கு வைக்க இன்னும் நேரமிருந்தது. காற்று அவர்களுக்கு முன்னால் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூக்கைச் சுளித்தாள். ஆனால் கணவர் வந்த நடையைப் பார்த்தால் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கிளாஸ் சிந்தக் கூடாதே என்று வந்த நடை அது.

"குடிச்சியா?"

"இல்ல."

"அப்ப ருசி?"

"தெரியல," என்றார் கலியபெருமாள். நோட்டீஸை நீட்டி, நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னார்.

குடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. காலையிலிருந்து வேலை ஓடாமல் காத்திருந்தவள். வெடுக்கென்று அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி, மிச்சமிருந்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தை அஷ்டகோணலாக்கினாள்.

"புளிச்ச கஞ்சில வேப்பிலை ஊறப் போட்டாப்பல இருக்குது. இதுக்கா இந்தப் பாடு?"

கலியபெருமாளுக்கு மனசு நிறைந்தது. எப்படியோ ருசி தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்த நொடியே அவர் முகம் மாறியது. நோட்டீஸின் கடைசி வரி ஞாபகம் வந்துவிட்டது. குடித்தவரைத் தனியே விடாதீர்கள், அவர் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டே திரும்புங்கள்.

அண்ணி வீட்டில்தானே நிற்கிறார் என்றான் அய்யனாரப்பன். கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லியிருக்கிறதே, நாம் எங்கே கொண்டுபோனோம் என்றார் கலியபெருமாள். அப்போது மண்ணாங்கட்டி மறுபடி நெற்றியைத் தேய்த்தான். ரேஷன் கார்டு, வீட்டு வரி எல்லாம் அண்ணன் பேரில் இருக்கிறது, அப்படியானால் இது அண்ணன் வீடு, அண்ணியின் வீடு எது என்று கேட்டான். நால்வரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

செந்தாமரை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீடு ஏரிக்கு அந்தாண்ட, தாழைமேட்டுல இருக்குது. எனக்குத் தலை சுத்துது. சீக்கிரம் கொண்டுபோய் வுடுங்க."

தலை சுற்றுகிறவள் விறுவிறுவென்று உள்ளே போய், நாலு புடவையும் ஒரு டப்பா முறுக்கும் எடுத்துப் பையில் வைத்து, அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்ற மீன்பாடி வண்டியில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாவாடைக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து காத்திருந்தவனுக்கு ஒரு வண்டி கிடைத்துவிட்டது, குடிக்காதவனும் அவன்தான். மற்ற மூவரும் வண்டியின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள்.

தாழைமேட்டில் மாமியார் கதவைத் திறந்தார். பீர் நாற்றம் குப்பென்று அடித்தது. யார் குடித்தது என்று கேட்டார். உங்கள் மகள்தான் என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். காப்பி போடுகிறேன், உட்காருங்கள் என்று அவர் சொல்லியும் நிற்கவில்லை. சேர்த்துவிட்டே திரும்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது, உட்கார வேண்டும் என்று இல்லை. செந்தாமரை உள்ளேயிருந்து கையாட்டி வழியனுப்பினாள்.

ஓடைமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. நால்வருக்கும் அகோரப் பசி. கலியபெருமாள் வாசலில் நின்று செந்தாமரையைக் கூப்பிட்டார். பதில் இல்லை. வீட்டில் விளக்கும் இல்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"டேய், குடிச்சிட்டு வந்தா அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னாளே. போயிட்டாளோ?"

அய்யனாரப்பன் பொறுமையாக விளக்கினான். அண்ணன் குடிக்கவில்லை. ஆகவே அண்ணி அம்மா வீட்டுக்குப் போயிருக்க முடியாது. தவிர, இப்போதுதான் நாலு பேருமாகச் சேர்ந்து அவரைப் பத்திரமாக வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கலியபெருமாளுக்கு உயிர் வந்தது. ஆனால் பாவாடை கதவில் தொங்கிய பூட்டைத் தொட்டுக் காட்டினான்.

"அதெல்லாம் குடிச்சவங்க செய்யறதுதான்," என்றார் கலியபெருமாள். "பூட்டை வெளியில போட்டுட்டு உள்ள படுத்துக்குவாங்க."

மீண்டும் ஒரு தடவை கதவைத் தட்டக் கையை ஓங்கினார். மண்ணாங்கட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் விரல் வைத்து, கிசுகிசுப்பாகச் சொன்னான்.

"வேணாம்ண்ணே. பாவம், அசந்து தூங்கறாங்க. எழுப்பாதீங்க."