கொடுவாவின் கண் சிவந்த கோடை

மீனுக்கு வாய் தின்ன மட்டுமில்லாமல் பேசவும் இருந்த அந்தக் காலத்தில், வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. பிடிப்பது சுலபம்தான். பிடித்ததைக் கரைவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. மனிதனுக்குக் கை கொடுத்தாயிற்று, மீனுக்கு என்ன இருக்கிறது என்று ஏரித்தாய் இரக்கப்பட்டு அதற்குப் பேச்சைக் கொடுத்திருந்தாள். கூடவே ஒரு சட்டமும் வைத்திருந்தாள். கையில் மீனோடு தண்ணீரில் நிற்கிறவர் ஒரே ஒரு சொல் வாய்விட்டுச் சொன்னாலும் போதும், அந்த மீனை விட்டுவிட வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். உங்களை ஒருவர் முகத்துக்கு நேராகத் திட்டும்போது நின்று பாருங்கள், தெரியும். ஏரிக்கரை ஜனங்கள் பலமுறை ஏமாந்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பனையோலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். இரண்டு கையும் சேற்றைத் துழாவும், அகப்பட்ட இறால் நேராகப் பறிக்குள் போகும், வாயும் தன்பாட்டுக்கு அடங்கிக் கிடக்கும். இறாலும் மடவையும் என்ன கெஞ்சினாலும் பதில் வராது.

கொடுவா மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. ஏரியிலேயே பெரிய மீன் அது. பேச்சிலும் அதுதான் பெரியது. அப்போது அதன் கண் மற்ற மீன்களின் கண் மாதிரி சாதாரணக் கறுப்பாகத்தான் இருந்தது. யாருக்கு எங்கே வலிக்கும் என்று அதற்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு வார்த்தையை வைத்தால் எப்பேர்ப்பட்டவனும் பறியைத் துப்பிவிட்டுப் பதில் சொல்லிவிடுவான்.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்காரன் எல்லப்பன் அப்படித்தான் தோற்றான். அவன் தங்கை பச்சையம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் கோடையில் பிடித்த கொடுவாவைக் குழம்பு வைத்துப் போட்டால்தான் அந்தக் குப்பங்களில் கல்யாணம் நடக்கும். போன கோடையில் எல்லப்பன் ஒரு கொடுவாவைப் பிடித்தே விட்டான். அது அவனைப் பார்த்து, உன் மாதிரி பலசாலி கையில் சாவதில் எனக்குப் பெருமைதான் என்றது. அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "அப்படியா?" என்று கேட்டுவிட்டான். கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

இந்தக் கோடையும் வெறுங்கை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பிவிட்டார்கள். பச்சையம்மா யாருக்கும் தெரியாமல் அழுதாள். காத்தாயிக்குத் தெரிந்துவிட்டது.

"நான் எறங்குறேன். கொடுவாவோட வரேன்" என்றாள் காத்தாயி.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? காத்தாயி தூக்கத்தில்கூடப் பேசுகிறவள். அவள் ஏரிக்குப் போனால் கொக்குகள் இடத்தைக் காலி செய்யும் என்று குப்பத்தில் கேலி உண்டு. எல்லப்பன் சிரிப்பை அடக்கமாட்டாமல், "நீ வாய மூடினு நிப்பியா?" என்று கேட்டான். உன்னைப் போல ஒரு புகழ்ச்சிக்கு உருகுகிற ஆள் நானில்லை என்று அவள் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வெயில் தணியத் தொடங்கிய நேரத்தில் குடும்பமே ஏரிக்குக் கிளம்பியது. கோடையில் அவர்கள் வழக்கம் அதுதான். எல்லப்பனும் காத்தாயியும் பறியைக் கடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். பச்சையம்மா கரையில் பனமட்டையைக் கூட்டித் தீ மூட்டினாள். காத்தாயியின் மகள் செல்லி, நடை பழகி அதிக நாளாகாதவள், அத்தையின் முந்தானையைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்திருந்தாள்.

முகத்துவாரத்துப் பக்கம் காத்தாயியின் காலில் ஏதோ உரசியது. அவள் குனிந்து இரண்டு கையையும் ஒரே வீச்சில் விட்டாள். விரல்கள் நேராகக் கொடுவாக்களின் தலைவனுடைய செவுளுக்குள் போயின. கொடுவாவின் செவுள் மூடி கத்திக்குச் சமம். கை கிழிந்து ரத்தம் வந்தது. அவள் விடவில்லை.

கொடுவா பேச ஆரம்பித்தது. இவ்வளவு பாங்காகப் பறி கடிக்கிற பெண்ணைப் பார்த்ததே இல்லை என்றது. காத்தாயி கரையை நோக்கி ஓர் அடி வைத்தாள். உன் குழம்பில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை என்று உன் நாத்தனாரே ஊரெல்லாம் சொல்கிறாள், அவளுக்காகவா இந்தப் பாடு என்றது. காத்தாயிக்கு ஒரு முழுப் பேச்சே தொண்டைவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த அடி வைத்தாள். உன் வாய்க்குப் பயந்துதான் எல்லப்பன் ஏரியே கதியென்று கிடக்கிறான் என்றது. அது ஓரளவு உண்மைதான் என்பதால் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

கொடுவாவுக்குப் பயம் பிடித்தது. அதுவரை எந்த மீனும் சொல்லாத ஒன்றை அது சொன்னது.

"அக்கா, உன் கொழந்த தண்ணிக்குள்ள எறங்கிடுச்சு. ஆழத்துக்குப் போவுது. ஒரு சத்தம் குடு."

காத்தாயி திரும்பிப் பார்த்தாள். சூரியன் கரைக்குமேல் நேராக நின்று கண்ணைக் கூசவைத்தது. தீயின் புகை தெரிந்தது. பச்சையம்மாவின் நிழல் தெரிந்தது. செல்லி தெரியவில்லை.

எந்தத் தாயும் கத்துவாள் என்று கொடுவா கணக்குப் போட்டிருந்தது. கத்தினால் ஒரு சொல் வெளியே வந்துவிடும், அதற்கு விடுதலை. ஆனால் அது தாய்மாரை அறியாத மீன். காத்தாயிக்கு வந்த பயத்தில் வாய் திறக்கவில்லை, இறுகிப் பூட்டிக்கொண்டது. பல் ஓலையைக் கடித்து நொறுக்கியது. கையும் அப்படியே இறுகியது. கையில் மீன் இருக்கிறதா, பறி இருக்கிறதா, கல்யாணம் இருக்கிறதா, எதுவும் அவள் நினைவில் இல்லை. சேற்றைப் பிய்த்துக்கொண்டு கரையை நோக்கி ஓடினாள். கொடுவா விடு விடு என்று அலறியது. பொய் சொன்னேன், பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று உண்மையையும் சொல்லிப் பார்த்தது. அவள் காதில் எதுவும் விழவில்லை.

மணலில் ஏறிய பிறகுதான் அவளுக்குக் கண் தெரிந்தது. செல்லி அத்தையின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாய் நிறைய மணலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். காத்தாயி தீப்பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். பறி வாயிலிருந்து தானாக விழுந்தது. அப்போதுதான் கொடுவா இன்னும் தன் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

கரையில் ஏரித்தாயின் சட்டம் செல்லாது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தண்ணீரில் நின்ற நேரமெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு இருந்தது. ஆனால் காத்தாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உன் உசுருக்காக நீ எத வேணா பேசியிருக்கலாம். எம் புள்ளைய இன்னாத்துக்கு இழுத்த?"

அத்தனை பேரை வாயால் ஜெயித்த மீன், தன் சொல்லே தன்னைக் கரைக்கு இழுத்துவந்ததைப் புரிந்துகொண்டு முதல் தடவையாக வாயடைத்துக் கிடந்தது. தலைவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க ஏரியிலிருந்த கொடுவாக்கள் எல்லாம் ஆழமில்லாத தண்ணீருக்கு வந்து கரையை வெறித்தன. மீனுக்கு மூட இமை கிடையாது. பனமட்டைத் தீ கொழுந்துவிட்டு எரிந்தது. அது அடங்கும்வரை அவை பார்த்துக்கொண்டே இருந்தன. பிறகு, வாயால்தானே இந்தக் கதி என்று பேச்சையே விட்டுவிட்டு ஆழத்துக்குத் திரும்பின. கொடுவாவே பேச்சை விட்டபிறகு நமக்கென்ன என்று மற்ற மீன்களும் விட்டுவிட்டன.

எல்லப்பன் ஓடிவந்து மீனைப் பார்த்து மலைத்துப்போனான். நீயா பேசாமல் இருந்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "பின்ன? உன்ன மாதிரின்னு நெனச்சியா?" என்றாள் காத்தாயி, பழைய மிடுக்கோடு. அவள் கை கிழிந்திருப்பதை எல்லப்பன் பார்த்தான். கேலி செய்யவில்லை. தன் தலைத்துணியைக் கிழித்து அந்தக் கையில் கட்டிவிட்டு, செல்லியைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். பச்சையம்மாவின் கல்யாணம் அந்தக் கோடையிலேயே நடந்தது. குழம்பில் உப்பும் உறைப்பும் சரியாக இருந்தன என்று பச்சையம்மாவே எல்லோரிடமும் சொன்னாள்.

அன்று கண்ட தீதான் இன்றும் கொடுவாவின் கண்ணில் இருக்கிறது. அந்தி நேரத்தில் விளக்கைக் காட்டினால் தண்ணீருக்குள் கங்கு மாதிரி சிவந்து எரியும். மீன்கள் பேச்சை நிறுத்தி எத்தனையோ காலமாகியும், பறியைக் கடித்தபடி ஏரியில் இறங்குகிற பெண்கள் கை நிறைய மீன் இருந்தாலும் நடுவில் ஒருமுறை தலையைத் திருப்பிக் கரையில் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அன்று முதல்தான்.