முகர்ந்து பார்த்த குப்பி

ஐம்பத்தெட்டு வயதில் வைத்தியர் வேதாசலம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். குடல்புண்ணுக்கு அவர் வீட்டில் நாலு தலைமுறையாகக் காய்ச்சும் வில்வக்காய், மாதுளைத்தோல் கஷாயத்தைச் சோதித்து நிரூபிக்க வேண்டும். அவருக்கு வாய்த்த குரு பேராசிரியர் ஜமீலா, பதினாறு வயது இளையவர். கண்டிப்பில் மட்டும் மூத்தவர்.

குடலில் புண் கண்ட இருபது எலிகள். பத்துக்கு மருந்து. பத்துக்கு அதே நிறத்தில் இனிப்புத் தண்ணீர். குப்பிகளில் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் இருக்கும். எது எது என்று எழுதிய தாள் ஜமீலாவின் பீரோவில், ஒட்டிய உறைக்குள்.

இரண்டு மாதம் கழித்து, வேதாசலம் குப்பி எண் ஒட்டிய குடல் துண்டு ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புண் ஆறியவற்றை எண்ணினார். உறையைப் பிரித்தார்கள். மருந்து குடித்த பத்தில் ஒன்பதுக்குக் குணம். ஆய்வகமே கைதட்டியது. வேதாசலம் மட்டும் தட்டவில்லை.

“மேடம், எந்தக் குப்பி என்னோடதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, இந்தக் கணக்கு செல்லுமா?”

“எப்படித் தெரியும்?”

“ஃப்ரிட்ஜில வைக்கச் சொல்லிக் கையில கொடுத்தாங்க. முகராம வெச்சுப் பழக்கமில்லை. ரெண்டாம் நம்பர். எங்க அப்பா காய்ச்சின அதே வாசனை.”

வைத்தியர் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டா வேலைக்கு வருவார்? ஆனால் ஆய்வில் அது எடுபடாது.

ஜமீலா வேதாசலத்தின் கணக்குத் தாளை எடுத்தார். அதன் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதினார். ஸ்லைடுகளின் எண்களை மாற்றி ஒட்டிக் கலைத்து, வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் வேதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் எந்த முகத்தோடு ஊரில் கஷாயத்துக்கு அடுப்பு மூட்டுவது?

பதில் வந்தது. தண்ணீர் குடித்ததில் ஒன்றுக்குக் குணம். மருந்து குடித்ததில் ஐந்துக்கு.

“நாலு போச்சே மேடம்.” வேதாசலம் தாளைக் கீழே வைத்தார்.

ஜமீலா நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு மாணவருக்காக அவர் எழுந்து நின்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

“அந்த நாலு நீங்க அப்பா மேல வெச்ச பாசம் ஐயா. இந்த அஞ்சு, உங்க அப்பா யாருன்னே தெரியாதவங்க எண்ணிக் கொடுத்தது.”