ஆற்றின் களஞ்சியம்

ஜமீன்தார் மாளிகைக்குப் பின்னால் ஆற்றங்கரை மொட்டையாகிச் சரிந்துகொண்டே வந்தது. பழி, ஆற்றில் தூர்வாரும் மூக்காயியின் தலையில் விழுந்தது.

"கார்த்திகைக்குள்ள கரை பச்சையாகணும். விதை ஒண்ணுகூடத் தரமாட்டேன். ஆகலேன்னா ஊரைவிட்டுப் போயிடு" என்றார் ஜமீன்தார்.

"சரிங்க சாமி. அதுவரைக்கும் உங்க குதிரைங்க கரையில இறங்கக் கூடாது."

"அவ்வளவுதானே?" என்று சிரித்தார்.

மூக்காயி மடுவில் கிடந்த பழைய வண்டலை அள்ளிக் கரையில் பரப்பினாள். ஐப்பசி மழை கொட்டியது. கோரையும் நாணலும் முழங்கால் உயரம் எழுந்தன.

"என் களஞ்சியத்துல விதை திருடினியா?" என்று ஜமீன்தார் கத்தினார்.

"அதோட சாவி உங்க இடுப்புலதானே தொங்குது? இது ஆத்தோட களஞ்சியம் சாமி. விதை வண்டல்லயே கிடந்துச்சு. முளைச்சப்பல்லாம் மேஞ்சது உங்க குதிரைங்க."

ஜமீன்தார் இடுப்பைத் தடவினார். சாவி இருந்தது.

ஊரைவிட்டுப் போகக் கட்டிவைத்திருந்த மூட்டையை மூக்காயி அன்றே அவிழ்த்தாள். இனிக் கரையில் இறங்காதபடி ஜமீன்தாரின் ஆட்கள் குதிரைகளை லாயத்திலேயே கட்டினார்கள்.